நிமிர்ந்திருந்த வாளி

ஈரமானியை நம்புங்கள். அதன் இரண்டு ஊசிகளையும் சுவரில் வைத்தால் எவ்வளவு ஈரம் என்று பிழையில்லாமல் சொல்லும். அந்த ஈரம் எப்படி வந்தது என்பதை மட்டும் அதனிடம் கேட்காதீர்கள். உங்களுக்கே அது விளங்கிவிட்டாலும் உடனே வாயைத் திறந்து சொல்லிவிடாதீர்கள்.

இந்த வருடம் மேசன் வேலைக்கு வந்து சேர்ந்திருக்கும் தம்பிமாருக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். தரைக்குச் சரிவு எடுப்பது, டைல்ஸ் பதிப்பது எல்லாம் தொழில் பள்ளியில் சொல்லித் தருவார்கள். அதை நான் தொடப்போவதில்லை. முழங்கால் கெட்டுப்போனதால் முப்பது வயதாகும் முன்பே தரையை விட்டு எழும்பி, வரைபட மேசைக்கு வந்துவிட்டவன் நான். வயது போனவர்கள்தான் இப்படிப் புத்தி சொல்ல வேண்டும் என்றால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அப்பா கையெழுத்துப் போடப் பழகியதே டென்மார்க்குக்கு வந்த பிறகுதான். மேசன் சான்றிதழை நான் வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, அதைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார். எனக்கும் அதன் மேல் கொஞ்சம் கூடுதலான மரியாதைதான். கருவி சொல்வதும் புத்தகம் சொல்வதும் சேர்ந்தால் விளங்காதது ஒன்றுமில்லை என்று இருந்தேன். அந்த மரியாதையோடுதான் சில்க்போர்க் நகரில் நான் சொல்லப்போகும் வீட்டுக்குள் நுழைந்தேன்.

ஊரில் போர் முடிந்துகொண்டிருந்த 2009 மே மாதம் அது. அந்த நாட்களில் தமிழ் வீடுகளுக்குள் வேலைக்குப் போனவர்களுக்குத் தெரியும். தொலைக்காட்சி ஓடும், சத்தத்தை அணைத்து வைத்திருப்பார்கள். வெளியே வயல்களில் ராப்ஸ் என்ற எண்ணெய்க் கடுகு பூத்து மஞ்சளாகக் கிடக்கும், உள்ளே திரைச்சீலைகள் மூடியிருக்கும். தொலைபேசி எங்கே இருக்கிறதோ அதைச் சுற்றித்தான் வீடு.

அது ஏரிக்குக் கிட்ட, வரிசை வீடுகளில் ஒன்று. வீட்டுக்கார அங்கிள் தளபாடத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அன்ரி முதியோர் இல்லத்தில் வேலை. மகள் கல்யாணம் கட்டி டோஸ்ட்ருப்பில் இருக்கிறாள். மூத்தவன் ரூபன் வன்னியில். அங்கிள் குடும்பத்தை இங்கே எடுப்பித்தபோது விசா வந்து சேர்வதற்குள் அவனுக்குப் பதினெட்டு வயது கடந்துவிட்டது. தங்கச்சி விமானம் ஏறினாள், அவன் நின்றுவிட்டான். பிறகு அங்கேயே பள்ளிக்கூட ஆசிரியரானான். பல வாரமாக அவனிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. இதையெல்லாம் கோப்பி வைத்துத் தரும்போது அன்ரிதான் சொன்னார். நான் தேத்தண்ணிதான் குடிப்பேன் என்றதும், “கோப்பி குடியாத மேசனை டென்மார்க்கிலை இப்பத்தான் காணுறன்” என்று சிரித்தார். அந்த வீட்டில் நான் கேட்ட ஒரே சிரிப்பு அது.

வேலை இதுதான். குளியலறையில் பைபர்கிளாஸால் ஒரே வார்ப்பாகச் செய்த பழைய ஷவர் கூடு ஒன்று நின்றது. அதைக் கழற்றி, சுவரையும் தரையையும் தயார்செய்து டைல்ஸ் பதிக்க வேண்டும். கூட்டைத் தட்டிப் பார்த்தேன். கொஞ்சம் மஞ்சள் பிடித்திருந்ததே தவிர ஒரு வெடிப்பும் இல்லை.

“அன்ரி, இது இன்னும் கனகாலம் நிக்கும். நல்லாத்தானே இருக்கு.”

“நல்லா இருக்கிறதைத்தான் கழட்டச் சொல்லுறன். இண்டைக்கே கழட்டுவியளோ?”

“ஓம். ஆனால் வேலை முடியுமட்டும் குளிக்க இடமிராது.”

“நான் வேலையிடத்திலை மேல் கழுவுவன். இவர் நீச்சல் மண்டபத்துக்குப் போவார். நீங்கள் கழட்டுங்கோ தம்பி.”

அங்கிள் குசினி மேசையில் கைபேசியை முன்னால் வைத்துக்கொண்டு இருந்தார்.

நான் வெட்டத் தொடங்கியபோது அன்ரி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றார். தூசு ஆகாது, போங்கோ என்றாலும் போகவில்லை. முதல் பக்கம் கழன்று வந்ததும் குனிந்து அதற்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். பின்னால் ஓட்டை இருக்கிறதா, பூஞ்சணம் பிடித்திருக்கிறதா என்றுதான் மற்ற வீடுகளில் பார்ப்பார்கள். இவர் பார்த்த பார்வை வேறு. அங்கே ஆள் யாரும் நிற்கிறார்களா என்று பார்த்தது போல இருந்தது. சுவர் சுத்தமாக, காய்ந்து இருந்தது.

“தண்ணியையும் பூட்டுங்கோ” என்றார். குளியலறைக்கு வரும் தண்ணீரைப் பூட்டினேன். “பூட்டியாச்சோ?” என்று திரும்பவும் கேட்டார்.

வெட்டிய துண்டுகளை ட்ரெய்லருக்குக் கொண்டுபோகும்போது அங்கிள் தோட்டத்தில் கைபேசியைக் காதில் வைத்தபடி நின்றார். பேசவில்லை. நான் இரண்டாம் துண்டோடு வந்தபோதும் அப்படியே நின்றார்.

அன்று சுவரைச் செதுக்கி, ஓட்டைகளை அடைத்துவிட்டு, வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனேன். இது எங்கள் மெஸ்தர் பழக்கிய பழக்கம். முதலாளி என்பதைவிட மெஸ்தர் என்றால்தான் அவருக்குப் பிடிக்கும். வாளியில் தங்கும் ஒரு கை தண்ணீர் அடுத்த நாள் கலவையைக் கெடுத்துவிடும் என்பார். நிமிர்ந்த வாளியைக் கண்டால் காலால் உதைப்பார்.

அடுத்த நாள் காலை போனபோது வாளி நிமிர்ந்திருந்தது.

உள்ளே பார்த்தேன். பல மாதமாக நான் சுமந்து திரிந்த சீமெந்துப் பக்கு முழுவதும் போய், புது வாளி மாதிரி இருந்தது. நான் அப்படிக் கழுவியதே இல்லை. வடிகாலைச் சுற்றிக் கொங்கிறீற் தரை கறுத்து ஈரமாகக் கிடந்தது. சுவரிலும் நெஞ்சு உயரம் வரை தெறித்திருந்தது. தண்ணீர்க் குழாய் பூட்டியபடியே இருந்தது.

வாளியை அன்ரி கழுவியிருப்பார் என்று விட்டுவிட்டேன். ஈரத்துக்குத்தான் பயந்தேன். சுவருக்குள் குழாய் ஒழுகினால் மேலே பூசும் நீர்த்தடுப்புப் பூச்சு, டைல்ஸ் எல்லாம் வீண். ஈரமானியை வைத்தேன், எகிறியது. சுவரைக் கொஞ்சம் திறந்து குழாயைத் தடவினேன். வெண்கட்டி மாதிரிக் காய்ந்திருந்தது. மெஸ்தருக்கு அழைத்துச் சொன்னேன்.

“அந்தக் கருவியை வைத்து முட்டை அவிந்துவிட்டதா என்றும் பார்ப்பாயா?” என்றார் டேனிஷில். “தண்ணீர் எங்கிருந்தோ வருகிறது. கண்டுபிடி.”

நாள் முழுவதும் ஹீட்டர் போட்டுக் காய வைத்தேன். வாளியை நானே கவிழ்த்து, ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போனேன்.

மறுநாளும் வாளி நிமிர்ந்திருந்தது. தரை ஈரம். இந்த முறை சுவரில் ஒரு கைத்தடமும் இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு ஒரு கையைச் சுவரில் ஊன்றி நின்றால் எங்கே படுமோ அங்கே. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது காயத் தொடங்கியது. முதலில் சின்னவிரல் போனது, பிறகு மற்ற விரல்கள், கடைசியில் உள்ளங்கை. சுவரில் ஒன்றுமே இல்லாமல் போனது. வெளியே நல்ல வெயில். பக்கத்து வீட்டுக்காரர் புல்லு வெட்டிக்கொண்டிருந்தார்.

முதுகுக்குப் பின்னால் அன்ரியின் குரல் கேட்டது.

“ஆர் தோய்ஞ்சது?”

தோய்வதென்றால் தலையோடு முழுகுவது. இங்கே பிறந்தவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். எங்கே ஒழுகுது என்றோ ஏன் ஈரம் என்றோ அவர் கேட்கவில்லை.

“ஒருத்தரும் இல்லை அன்ரி. குழாயிலை ஏதோ பிழை, பாக்கிறன்.”

“குழாயில்லைத் தம்பி. விடியக் கேட்டனான். அள்ளி அள்ளி ஊத்திற சத்தம். ஷவர் எண்டால் ஒரே இரைச்சலாய்க் கேக்கும். இது விட்டு விட்டுக் கேக்கும். செம்பாலை வாக்கிற மாதிரி.” கொஞ்சம் நிறுத்தினார். “கூடு நிக்கேக்கையும் கேட்டது. கனநாளாய்க் கேட்டது. எழும்பி வந்து பாத்தால் கூடு காய்ஞ்சு கிடக்கும். அதுக்குத்தானே உடைப்பிச்சது. இப்ப ஈரமும் எல்லோ தெரியுது.”

நாங்கள் பெந்தெகொஸ்தே சபை ஆட்கள். பேய், ஆவி என்று யாராவது தொடங்கினால் எங்கள் வீட்டில் உடனே முழங்காலில் நின்றுவிடுவோம். நான் அங்கே முழங்காலில்தான் இருந்தேன், கையில் ஈரமானியோடு. அன்று மத்தியானம் கொண்டுபோன பாண் துண்டுகளை அந்த வீட்டுக்குள் இருந்து சாப்பிட முடியவில்லை. என் வேலை வான் வண்டிக்குள் இருந்து சாப்பிட்டேன்.

திரும்பிப் போகும்போது அங்கிளைக் குசினியில் கண்டேன். கம்பளித் தொப்பியைக் காது மூடும்வரை இழுத்துப் போட்டிருந்தார்.

“குளிரோ அங்கிள்?”

“ஓம்” என்றார்.

மெஸ்தர் நாளைக்குத் தானே வருவதாகச் சொன்னார். குழாய் போகும் வழியெல்லாம், குசினிவரைக்கும் சுவரை உடைத்துப் பார்ப்பதென்று முடிவு.

பின்னேரம் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஞானஸ்நானம் எடுக்க முன்னர் சைவம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அந்த வீட்டிலை சாமிப்படம் இருக்கிற இடத்திலை விளக்கு எரியுதோ?” என்றார்.

“விளக்கு இல்லை. திரை இழுத்து மூடியிருக்கு.”

“அப்ப செத்த வீட்டுத் துடக்கெல்லோ. அவைக்கு ஆரும் மோசம் போட்டினமோ?”

“இல்லையம்மா. செத்த செய்தி வந்தால் அந்த அன்ரிக்குத் தெரியாமல் போகுமே?”

சொல்லி முடிப்பதற்குள் அந்தத் தொப்பி எனக்கு நினைவில் வந்தது. மே மாதத்தில், அந்த வெயிலில், வீட்டுக்குள் கம்பளித் தொப்பி. அந்தத் தலை ஈரமாக இருக்கும். தோட்டத்தில் கைபேசியைக் காதில் வைத்தபடி அவர் பேசாமல் நின்றதும் நினைவில் வந்தது. சாவுச் செய்தி கேட்டால் தோய வேண்டும் என்பது சைவ வழக்கம். தோய்வதற்கு வீட்டில் இடமில்லை, அதை உடைத்தவன் நான். குசினியில் தண்ணீர் பிடித்து வர என் வாளி மட்டும்தான் இருந்தது.

இதுவரைக்கும் நடந்ததில் என் பிழை சின்னது. ஈரத்தைக் கண்டதும் குழாயைத் தேடினேன், வீட்டில் இருந்த மனிதரைப் பார்க்கவில்லை. கெட்டித்தனம் தேவைப்பட்டது அடுத்த நாள்தான்.

நான் போய்ச் சேர்ந்தபோது மெஸ்தர் முதலே வந்து, உடைக்க வேண்டிய இடத்தைச் சுவரில் பென்சிலால் கோடு போட்டிருந்தார். துளையடிக்கும் இயந்திரம் கையில் இருந்தது. தரை ஈரம். வாளி நிமிர்ந்திருந்தது. வாசலில் அன்ரி. அவருக்குப் பின்னால் நடையில் தொப்பியோடு அங்கிள்.

“குழாயா, இல்லையா?” மெஸ்தர் டேனிஷில் கேட்டார்.

“தம்பி, நீங்கள் படிச்சனீங்கள்.” அன்ரி அதே நேரத்தில் தமிழில் கேட்டார். “மெசினும் வைச்சிருக்கிறியள். எனக்கு ஒண்டைச் சொல்லுங்கோ. ஆர் தோய்ஞ்சது?”

தம்பிமாரே, அந்த இடத்தில் என் தலைக்குள் ஓடியதை எழுதுகிறேன். குழாய் என்று சொன்னால் ஒரு பொய்க்காகச் சுவர் உடையும், நாளைக்கும் தரை நனையும். தெரியாது என்று சொன்னால், தன் பிள்ளைதான் வந்து தோய்ந்துவிட்டுப் போகிறான் என்று அந்த மனுசி முடிவுகட்டிவிடும். அங்கிள்தான் என்று சொன்னால், ஒரு தாயிடம் உன் மகன் இல்லை என்று நான் சொன்னதாகிவிடும். ஒரு வாளியையும் ஒரு தொப்பியையும் வைத்துக்கொண்டு. யார் இறந்தது என்று எனக்குச் சரியாகத் தெரியவும் தெரியாது. அந்த நாட்களில் இறந்ததாகச் சொன்னவர்கள் உயிரோடு அகதி முகாமுக்கு வந்ததும் உண்டு, உயிரோடு இருப்பதாகச் சொன்னவர்கள் வராமலே போனதும் உண்டு. எந்த வழியால் போனாலும் மகனின் சாவு என்ற அந்த ஒரே இடத்தில்தான் கொண்டுபோய் விடும். அங்கே அவரைக் கூட்டிப்போக வேண்டியவர் நான் இல்லை.

மெஸ்தரிடம் சொன்னேன்: “குழாய் இல்லை. என் வாளித் தண்ணீர்.” அதில் பொய் இல்லை.

“வாளியைக் கழுவ இந்த ஊரில் வேறு இடம் கிடைக்கவில்லையா உனக்கு?” என்று அவர் தொடங்கினார். வாங்கிக்கொண்டேன்.

அன்ரியிடம் சொன்னேன்: “குழாய்த் தண்ணி இல்லை அன்ரி. பேயும் இல்லை. என்ரை வாளியாலை ஊத்தின தண்ணி. மிச்சத்தை நான் சொல்லக்கூடாது.”

சொல்லும்போது நான் அங்கிளைப் பார்க்கவில்லை. கழுத்து அந்தப் பக்கம் திரும்பப் பார்த்தது, பிடித்து வைத்துக்கொண்டேன். உங்களுக்குச் சொல்ல வந்ததே இந்த ஒன்றைத்தான். அடுத்தவர் வீட்டில் கண்ணை எங்கே வைக்கக்கூடாது என்பதும் வேலைதான். ஆனால் நான் பார்க்காமல் நின்றதை அன்ரி பார்த்துக்கொண்டு நின்றார். மெதுவாகத் திரும்பினார்.

“இஞ்சேருங்கோ. தொப்பியைக் கழட்டுங்கோ.”

அங்கிள் அசையவில்லை. அன்ரியே கையை நீட்டிக் கழற்றினார். நரைத்த மயிர் தலையோடு ஒட்டிக் கிடந்தது. அன்ரி உள்ளங்கையை அதன் மேல் வைத்தார். காய்ச்சலா என்று பிள்ளைக்குத் தொட்டுப் பார்ப்பது போல வைத்துக்கொண்டே நின்றார்.

“எண்டைக்கு?”

“கூடு கழட்டின அண்டைக்குத்தான் செய்தி வந்தது. முகாமுக்கு வந்த ஒரு பெடியன். ரூபனோடை படிப்பிச்சவனாம். தான் கண்ணாலை கண்டதெண்டான்.”

“எண்டைக்கு எண்டு கேக்கிறன்.”

“அது அவனுக்குத் தெரியேல்லை. நாள் எல்லாம் குழம்பிப் போச்சுதாம்.” அங்கிளின் குரல் மெலிந்தது. “நாள் தெரிஞ்சால்தானே ஒருக்காத் தோய்ஞ்சு விடலாம். தெரியேல்லை. அதாலை ஒவ்வொரு நாளும் தோயிறன்.”

என்ன கதைக்கிறார்கள் என்று மெஸ்தர் கண்ணால் கேட்டார். “மகன்” என்று மட்டும் சொன்னேன். அவர் இயந்திரத்தைத் தரையில் வைத்தார். பெருவிரலை நாக்கில் தொட்டு, சுவரில் போட்ட பென்சில் கோட்டைத் துடைக்கத் தொடங்கினார். கோடு முழுவதும் போகும்வரை துடைத்தார்.

“அதுக்கு முதல்?” என்றார் அன்ரி.

“என்ன?”

“கூடு கழட்ட முதல். அப்ப தோய்ஞ்சது ஆர்?”

“நான் இல்லை” என்றார் அங்கிள். “அப்ப எனக்குச் செய்தியே வரேல்லையே.”

அங்கிள் என்னைப் பார்த்தார். ஈரமானி என் கையில்தான் இருந்தது.

“தோய இடமில்லாட்டி, தோயிற செய்தியும் வராது எண்டு நினைச்சன்” என்றார் அன்ரி, யாரையும் பார்க்காமல். பிறகு என் பக்கம் கையை நீட்டினார். “வாளியைத் தாங்கோ தம்பி.”

பூச்சுப் பூசாத சுவரில், மூடாத தரையில் தண்ணீர் ஊற்றக்கூடாது. அதை முதல் நாளிலேயே படிப்பிப்பார்கள். மெஸ்தரைப் பார்த்தேன். அவர் சரியென்று தலையை ஆட்டினார். குசினியில் போய் இளஞ்சூட்டில் தண்ணீர் பிடித்து, வாளியைக் கொண்டுவந்து வடிகாலுக்குப் பக்கத்தில் வைத்தேன். செம்புக்குப் பதிலாக என் தேத்தண்ணிக் கோப்பையை வைத்தேன். கதவை வேலைக்காகக் கழற்றியிருந்ததால் தூசுக்குப் போடும் துணியை நிலையில் கட்டித் தொங்கவிட்டேன். பிறகு நானும் மெஸ்தரும் வெளியே போய் வானுக்குப் பக்கத்தில் நின்றோம்.

குளியலறையின் சின்ன யன்னல் திறந்திருந்தது. தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நின்றது. பிறகு கேட்டது. அவர் சொன்னபடியே, விட்டு விட்டு.

“ஒரு மாதம் காயட்டும்” என்றார் மெஸ்தர். “டைல்ஸ் வந்து சேரவில்லை என்று அலுவலகத்தில் நான் சொல்லிக்கொள்கிறேன்.”

காய்வதற்கு ஒரு மாதத்துக்கு மேலேயே பிடித்தது. பிறகு போய்ப் பூச்சுப் பூசி, சாம்பல் நிற டைல்ஸ் பதித்தேன். ஷவருக்குக் கீழே முழங்கால் உயரத்தில் வாளி வைத்துத் தண்ணீர் பிடிக்க ஒரு குழாய் கேட்டார் அங்கிள். டேனிஷ் வீட்டில் யாரும் கேட்காத குழாய். போட்டுக் கொடுத்தேன். ரூபனைப் பற்றி மேலதிகமாக ஒரு செய்தியும் வரவில்லை. வேலையை ஒப்படைக்கப் போன அன்று சாமிப்படத்துத் திரை விலகியிருந்தது. விளக்கு எரிந்தது.

கடைசியாக ஒரு சோதனை செய்வோம், உங்களுக்குத் தெரியும். ஒரு வாளி தண்ணீரைத் தரையில் ஊற்றி, எங்கும் தேங்காமல் வடிகாலுக்கு ஓடுகிறதா என்று பார்ப்பது. நான் வாளியைத் தூக்கினேன். “தாங்கோ, நான் ஊத்திறன்” என்று அன்ரி வாங்கிக்கொண்டார்.

வாளிக்குள் கிடந்த என் தேத்தண்ணிக் கோப்பையால் அள்ளி ஊற்றினார். நிறுத்தினார். திரும்ப அள்ளி ஊற்றினார். தண்ணீர் நான் எடுத்த சரிவில் அழகாக ஓடி வடிகாலில் இறங்கியது. அன்ரி அதைப் பார்க்கவில்லை. தலையைச் சரித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். இன்னொரு தரம் ஊற்றினார்.

“இது இல்லை” என்றார்.

“என்ன அன்ரி?”

“கூட்டுக்குள்ளை கேட்ட சத்தம். இது இல்லை. அது டைல்ஸிலை விழுற தண்ணியும் இல்லை, பைபரிலை விழுற தண்ணியும் இல்லை.” கோப்பையை வாளிக்குள் விட்டார். “அது ஊரிலை கிணத்தடி மண்ணிலை விழுற தண்ணி, தம்பி.”

நடையில் நின்ற அங்கிள் விளக்கிருந்த பக்கம் திரும்பினார். நான் ஈரமானியைச் சுவரில் வைத்தேன். நன்றாகக் காய்ந்திருந்தது. போகும்போது வாளியைக் கவிழ்க்கப் பழக்கத்தில் கை போனது. கவிழ்க்கவில்லை. அந்தக் குழாய்க்குக் கீழே நிமிர்த்தி வைத்துவிட்டு, கோப்பையையும் அதற்குள்ளேயே விட்டுவிட்டு வந்தேன்.